கோபத்தோடு கடவுளிடம் போவது எப்படி? விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவர் நமக்குச் செய்த அநியாயம் நெஞ்சுக்குள் கனன்றுகொண்டே இருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது, பிறரை மன்னிப்பது பற்றிய வரி வந்ததும் வாய் அடைத்துப்போகிறது. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். சிலர் கோபத்தை விழுங்கிவிட்டு, மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிலர், "என்னால் மன்னிக்க முடியவில்லை, நான் என்ன கிறிஸ்தவன்?" என்று கோயில் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுகிறார்கள்.

வேதாகமத்தில் இருப்பவர்கள் கோபத்தைக் கோபமாகவே கடவுளிடம் கொண்டுபோனார்கள். அந்த வழியில் எப்படி நடப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். அவசரம் வேண்டாம். சில படிகளில் மாதக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

முதல் படி: கோபம் வந்ததற்காகப் பயப்படாதீர்கள்

சூம்பிய கையுடைய மனிதனை ஓய்வுநாளில் குணமாக்குவாரா என்று வேவு பார்த்தவர்களை இயேசு கோபத்தோடு சுற்றிப் பார்த்தார் என்று மாற்கு 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களுடைய மனக்கடினத்துக்காக அவர் வருந்தினார் என்றும் அதே வசனம் சொல்கிறது. எபேசியர் 4ஆம் அதிகாரத்தில் பவுல், கோபம் வரத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு, அது பாவமாக மாறிவிடாமலும் பொழுது சாய்ந்த பிறகும் தங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

ஆனால் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு, சகோதரன்மீது கொள்ளும் கோபத்தைக் கொலையோடு சேர்த்தே பேசுகிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? இதற்கு ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். தன் காணிக்கை ஏற்கப்படவில்லை என்று காயீன் எரிச்சலில் இருக்கிறான். அவன் தம்பியைக் கொன்றது அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் கடவுள் அவனிடம் வந்து, ஏன் இந்தக் கோபம் என்று கேட்கிறார். பாவம் வாசலில் படுத்திருப்பதாக எச்சரித்து, அதை அவன் அடக்கி ஆள முடியும் என்கிறார். கோபக்காரனைத் தேடிவந்து பேசுகிற கடவுள் இவர். காயீன் அவருக்கு ஒரு வார்த்தைகூடப் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. அடுத்த வசனத்தில் தம்பியோடு வயல்வெளியில் நிற்கிறான்.

என்னைக் கேட்டால், அந்தக் கதையில் கோபத்தைவிட ஆபத்தானது அந்த மௌனம்தான். கடவுளோடு பேச்சை முறித்துக்கொண்ட கோபம்தான் கைநீட்டும். இனி வரும் படிகள் எல்லாமே அந்தப் பேச்சை விடாமல் வைத்திருப்பதற்கானவை.

இரண்டாம் படி: ஒரு தாளில் எழுதுங்கள்

யார், என்ன செய்தார், அதனால் நீங்கள் இழந்தது என்ன என்று மூன்றையும் எழுதுங்கள். "எல்லாரும் என்னை ஏமாற்றுகிறார்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஜெபிப்பதற்கு அதில் ஒன்றும் கிடைக்காது. பாகப்பிரிவினையில் அண்ணன் கையெழுத்து வாங்கிய விதம், கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் பேசிய பேச்சு என்று திட்டமாக எழுதுங்கள். எழுதும்போதே சில விஷயங்கள் தெளிவாகும். மேலதிகாரிமீது வந்த கோபத்தைப் பிள்ளைமீது காட்டியிருப்பது தெரியவரலாம். கோபம் என்று நினைத்தது துக்கமாகவும் இருக்கலாம். இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம், வாட்ஸாப்பில் போடவும் வேண்டாம்.

மூன்றாம் படி: எழுதியதைக் கடவுளிடம் வாசியுங்கள்

சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். 109ஆம் சங்கீதத்தில் ஒருவர் தன் பகைவனைப் பற்றிச் சொல்வதை நம் வீட்டில் யாராவது சொன்னால் வாயைப் பொத்துவோம். 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சபையில் சத்தமாக வாசிக்கவே கூசும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருப்புகழ்மாலை என்ற அன்றாட ஜெப நூலில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் விட்டுவிட்டார்கள். பொது வழிபாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் காயம்பட்ட மனிதர் தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்க, அந்தச் சங்கீதங்கள் வேதாகமத்துக்குள் இருப்பது பெரிய கிருபை என்றே நினைக்கிறேன்.

அவற்றைப் பாடியவர்கள் பழிவாங்கப் புறப்படவில்லை. பழியைக் கடவுளின் கையில் கொடுத்துவிட்டார்கள். ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்டுக்கொள்வதும் அதைத்தான். ஆகவே ஜெபத்தில் நாகரிகம் பார்க்காதீர்கள். "அவன் நாசமாய்ப் போகட்டும்" என்று மனம் சொன்னால், அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். "கோபப்படாதே, ஜெபம் பண்ணு" என்பது நம் சபைகளில், அதுவும் பெண்களிடம், அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை. அந்தக் கோபத்தையே ஜெபமாக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நான்காம் படி: யோனாவோடு உட்காருங்கள்

இந்தப் படியில் அதிக நாள் இருங்கள். யோனாவின் புத்தகம் மொத்தமே 4 அதிகாரங்கள்தான். யோனாவை விழுங்கிய மீனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது கடைசி அதிகாரம்.

நினிவே அசீரியாவின் நகரம். யோனா, இரண்டாம் யெரொபெயாமின் காலத்தில் வடக்கு இஸ்ரவேலில் வாழ்ந்த தீர்க்கதரிசி என்று 2 இராஜாக்கள் 14ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த வடக்கு அரசை கி.மு. 722 வாக்கில் அழித்தது அசீரியாதான். எனவே யோனாவின் கதையைக் கேட்ட இஸ்ரவேலருக்கு நினிவே என்றாலே ரத்தம் கொதித்திருக்கும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

கடவுள் அனுப்பியபடி அந்த நினிவேக்குப் போய், 40 நாளில் நகரம் கவிழும் என்று யோனா அறிவிக்கிறார். ராஜா முதல் கடைசி ஆள்வரை இரட்டு உடுத்தி உபவாசம் இருக்கிறார்கள். கடவுள் மனமிரங்குகிறார். யோனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முதலில் நீர் அனுப்பியபோது இங்கே வராமல் தர்ஷீசுக்கு ஓடினேன் என்கிறார். கடவுளின் மன்னிப்பையே அவர்மீது குற்றச்சாட்டாக வைக்கும் இடம் இது. "அவனையும் ஆண்டவர் மன்னிப்பாரா?" என்று நமக்குள் எழுகிற கேள்வியும் இதேதான்.

கடவுள் அவரைத் தண்டிக்கவில்லை. நீ கோபப்படுவது சரியா என்று மட்டும் கேட்கிறார். பிறகு ஓர் ஆமணக்குச் செடியை வளரவிட்டு நிழல் தருகிறார். புழு அரித்துச் செடி காய்ந்ததும் யோனா அதற்கும் கோபப்படுகிறார். மறுபடியும் அதே கேள்வி வருகிறது. ஆமாம், சாகும்வரைக்கும் கோபப்படுவேன் என்று யோனா முகத்துக்கு நேரே சொல்கிறார். நீ நட்டு வளர்க்காத செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, வலது கை எது, இடது கை எது என்று தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதரும் ஏராளமான மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் அதில் இல்லை.

காயீன் பதில் சொல்லாமல் போனான். யோனா சண்டை போட்டார், ஆனாலும் கடவுளுக்கு எதிரே உட்கார்ந்தே இருந்தார். நீங்களும் அப்படி உட்காரலாம். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்கள் நினிவேயின் நினைவாக ஆண்டுதோறும் மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள். அதுபோல நாள் குறித்துக்கொண்டு, இந்த ஓர் அதிகாரத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசியுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் கணக்கையும் பாருங்கள்

எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா என்று பேதுரு கேட்டதற்கு இயேசு சொன்ன உவமை மத்தேயு 18இல் இருக்கிறது. ஒருவன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் அவன் கடன் 6 கோடி நாள் கூலி. எத்தனை பிறவி எடுத்தாலும் அடையாத அந்தக் கடனை ராஜா தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடிக்கிறான்.

100 வெள்ளிப்பணம் மூன்று மாதத்துக்கும் மேலான கூலி. ஏழைக்கு அது பெரிய தொகை. உங்களுக்கு நடந்தது ஒன்றுமேயில்லை என்று இயேசு சொல்லவில்லை. கொடுமைக்கு ஆளான ஒருவரிடம் போய், "நீயும் பாவிதானே" என்று வாயை அடைப்பதற்கு இந்த உவமையைப் பயன்படுத்துவது பெரும் பிழை. தனக்குக் கிடைத்த தள்ளுபடியை நினைத்துப் பார்க்கிறவனுக்குத்தான் பிடித்த கையைத் தளர்த்த முடியும் என்பதே அதன் சாரம்.

ஆகவே உங்கள் பாவங்களை ஒருநாள் நிதானமாக அறிக்கையிடுங்கள். கத்தோலிக்கராக இருந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் போய்க் குருவானவரிடம் சொல்லுங்கள். மற்ற சபையார் திருவிருந்துக்கு முன் வரும் பாவ அறிக்கையை மனதோடு சொல்லலாம். மன்னிப்பைக் கொடுப்பதற்கு முன் அதை வாங்கிப் பழகுங்கள்.

அப்போதும் "மன்னிக்கிறேன்" என்ற சொல் வரவில்லையா? லூக்கா 23இல் சிலுவையில் இயேசு என்ன செய்தார் என்று கவனியுங்கள். தம்மைக் கொல்பவர்களை மன்னிக்கும்படி பிதாவைக் கேட்டுக்கொண்டார். கல்லெறிபட்டுச் செத்த ஸ்தேவானும் அப்படியே கேட்டார். முடியாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்: "ஆண்டவரே, என்னால் ஆகவில்லை, நீர் மன்னியும்."

ஆறாம் படி: நீதியைக் கைவிடாதீர்கள்

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும், அவருடைய மகன்கள் பிலிப் (10), திமோத்தி (6) ஆகியோரையும் உயிரோடு எரித்தார்கள். பாரிப்பதாவில் தொழுநோயாளர்களைக் கவனித்துவந்த குடும்பம் அது. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். பிறகும் சில ஆண்டுகள் அங்கேயே தங்கி அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பும் நீதிமன்றத்தின் தீர்ப்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கவில்லை.

வீட்டில் அடிக்கும் கணவனையும், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவரையும், அவர் சபையின் மூப்பராகவே இருந்தாலும், மன்னிப்பின் பெயரால் போலீசிடமிருந்து மறைக்காதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு மன்னிப்பைப் பற்றி யோசிக்கலாம்.

ஏழாம் படி: போய்ப் பேசுவது, அல்லது காத்திருப்பது

எதிராளி பேசக்கூடியவராக இருந்தால், முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது மத்தேயு 18:15. பஞ்சாயத்துக்கு ஆள் கூட்டுவது அப்புறம்தான். தப்பு உங்கள் பக்கம் என்றால், மத்தேயு 5 சொல்வதுபோல, காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவரைப் பார்க்கப் போங்கள்.

எப்போது காத்திருப்பது? யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அண்ணன்மார் அவரை விற்றார்கள். 30 வயதில் பார்வோன் முன் நின்றார். செழிப்பான 7 ஆண்டுகள் கடந்து, பஞ்சத்தின் 2 ஆண்டுகளும் ஆன பிறகு, சுமார் 22 ஆண்டு இடைவெளியில் தன்னை யாரென்று வெளிப்படுத்தினார். அதற்கு முன் அவர்களைக் காவலில் வைத்தார், சோதித்தார், தனியே போய் அழுதார். தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா முன்வந்ததைக் கேட்ட பிறகுதான் அவர் உடைந்தார். மன்னிப்பதற்கு உங்கள் மனம் போதும். உறவு மறுபடி கூடுவதற்கு எதிராளியும் மாறியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரம் எடுத்துக்கொள்வது தவறில்லை.

எட்டாம் படி: கோபம் திரும்பி வரும்போது

வரும். ஒரு கல்யாண வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கிளம்பிவரும். முன்பு மன்னித்தது பொய்யோ என்று குழம்ப வேண்டாம். அன்றைக்கு மூன்றாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுவதோடு, மனநல ஆலோசகரையும் பாருங்கள்.

யோசேப்பின் வீட்டிலும் இது ஒரே தடவையில் முடியவில்லை. தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து இறந்ததும், இனி யோசேப்பு பழிவாங்குவார் என்று அண்ணன்மார் பயந்து ஆள் அனுப்பினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டு யோசேப்பு அழுதார். பிறகு அவர்கள் நேரில் வந்து காலில் விழுந்தபோது, முன்பே சொன்ன ஆறுதலான வார்த்தைகளை இரண்டாவது முறையும் பொறுமையாகச் சொல்லி, அவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் தானே பராமரிப்பதாக வாக்குக் கொடுத்தார்.