கைத்தொலைபேசிக்குள் ஒரு கடை: கட்டிடம் யாருடையது?

புத்தளம், பாலாவி, கற்பிட்டி, மதுரங்குளி என்று எமது கரையோர ஊர்களின் வியாபாரிகள் இப்போது இரண்டு விதமான கோரிக்கைகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று, "வாப்பா, நான் அப் செய்யப் போறேன், நல்ல லெப்டொப் ஒன்று வாங்கித் தாங்க" என்று கணினி படித்த மகன் கேட்பது. மற்றது, "உங்கள் கடைக்கும் ஒரு அப் செய்து தருகிறோம்" என்று வெளியிலிருந்து வருகின்ற இளைஞர்கள் சொல்வது. எதுவானாலும் முதல் போடப் போவது வியாபாரிதான். ஆகவே கைத்தொலைபேசிக்கும் டெப்புக்கும் சொந்த முயற்சியில் செயலி செய்தவர்களுக்கு என்ன நடந்தது, பணம் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

தமிழில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதென்றால் மலேசியாவின் முத்து நெடுமாறனில் இருந்துதான் தொடங்க வேண்டும். கணினியில் தமிழ் எழுதுவதற்கான 'முரசு அஞ்சல்' மென்பொருளை 1980களின் நடுப்பகுதியிலேயே உருவாக்கியவர் இவர். 2005ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில் கைத்தொலைபேசிக்கான அவரது 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அன்று ஐபோனும் இல்லை, அன்ட்ரொய்டும் இல்லை. பொத்தான் அழுத்துகின்ற சாதாரண போன்களில் தமிழில் குறுஞ்செய்தி எழுதலாம் என்பதே அப்போது பெரிய செய்தியாக இருந்தது.

2008 ஜூலையில் அப்பிள் கம்பனி ஐபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அன்ட்ரொய்டுக்கான கடையும் திறக்கப்பட்டது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தான் செய்த செயலியை இந்தக் கடைகளில் வைக்கலாம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த அலுமாரியில் எதை வைக்கலாம் என்பதைக் கட்டிடத்தின் சொந்தக்காரரே தீர்மானித்தார். செல்லினமும் ஐபோனுக்கு வந்தது. எனினும் வெளியார் செய்த விசைப்பலகையை போன் முழுவதற்கும் பயன்படுத்த அப்பிள் அப்போது இடம் கொடுக்கவில்லை. ஆகவே செல்லினத்துக்குள்ளே போய்த் தமிழில் எழுதி, எழுதியதைப் பிரதி எடுத்து, வேறு செயலிக்குள் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருந்தது. கடை நல்ல கடை, சரக்கும் நல்ல சரக்கு, ஆனால் வாடிக்கையாளர் பின்வாசலால்தான் வர வேண்டும் என்பது போன்ற நிலை.

பின்னர் 2013இல் வந்த ஐஓஎஸ் 7இல் அப்பிளே ஒரு தமிழ் விசைப்பலகையை போனுக்குள் சேர்த்துக் கொடுத்தது. வெளியார் விசைப்பலகைகளுக்கு முன்வாசல் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 2014 செப்டெம்பரில், ஐஓஎஸ் 8 வந்தபோதுதான். அதாவது, கட்டிடக்காரர் முதலில் தானே அந்த வியாபாரத்தைத் தொடங்கி, இலவசமாகவும் கொடுத்துவிட்டு, பிறகுதான் வாடகைக்காரரை முன்வாசலுக்கு விட்டார். விசைப்பலகையை மட்டுமே நம்பி இருக்கும் ஒருவர் அந்த இடத்தில் கடையை மூடியிருக்க வேண்டும்.

முத்து நெடுமாறன் மூடவில்லை. காரணம், அவரிடம் செயலிக்கு அடியில் வேறொரு சொத்து இருந்தது. அது எழுத்துரு. அப்பிள் சாதனங்களில் 'தமிழ் சங்கம் எம்என்', 'சிங்களம் சங்கம் எம்என்' என்ற பெயர்களில் எழுத்துருக்கள் உள்ளன. எம்என் என்பது முத்து நெடுமாறனின் பெயரின் முதலெழுத்துகள். எமது நாட்டு ஐபோன்களுக்காகச் சிங்கள எழுத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் ஒரு மலேசியத் தமிழர் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. தெலுங்கு, மலையாளம், வங்காளம் என்று வேறு பல மொழிகளுக்கும் இதே வரிசையில் எழுத்துருக்கள் உண்டு. செயலியை இலவசமாகக் கொடுத்தாலும், அந்தச் செயலியைச் செய்யக் கற்றுக்கொண்ட வேலைக்குக் கட்டிடக்காரரே வாடிக்கையாளராக வந்தார்.

இலங்கையிலும் இதற்குச் சமமான ஓர் அனுபவம் உண்டு. தனிக பெரேரா தொடங்கிய பாஷா லங்கா நிறுவனம், ஆரம்பகால அன்ட்ரொய்ட் போன்களில் சிங்களமும் தமிழும் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், அவற்றைச் சரியாகக் காட்டும் 'செட்' என்ற இணைய உலாவியைச் செய்தது. பிற்கால போன்கள் அந்தக் குறையைத் தாங்களே தீர்த்துக் கொண்டன. ஆனால் அதே நிறுவனத்தின் 'ஹெலகுரு' சிங்கள விசைப்பலகை நின்று நிலைத்தது. விசைப்பலகை இலவசம். அதன் வழியாகச் செய்தி, பிற சேவைகள் என்று விரிந்ததோடு, 'பேஹியர்' என்ற இணையவழிக் கட்டணச் சேவையையும் இவர்களே நடத்துகிறார்கள். இணையத்தில் பொருள் விற்கும் எமது வியாபாரிகள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இனி, எமது சமூகத்தில் கோடிக்கணக்கானோர் இறக்கி வைத்திருக்கும் ஒரு செயலிக்கு வருவோம். தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ'வை 2010இல் சிங்கப்பூரில் உருவாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த எர்வான் மாசே. இலவசமாகக் கொடுத்து விளம்பரத்தில் உழைப்பது, விளம்பரம் வேண்டாம் என்பவரிடம் காசு வாங்குவது என்பதே இதன் முறை. செயலி பெரிதாக வளர்ந்து, 2017இல் மலேசிய, சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குப் போனது. இதுவரை எல்லாம் வெற்றிக் கதைதான்.

2020 நவம்பரில் 'மதர்போர்ட்' என்ற செய்தித்தளம் ஒரு விடயத்தை வெளிப்படுத்தியது. பாவனையாளர்கள் இருக்கும் இடத்தின் விபரம் இந்தச் செயலியிலிருந்து 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்குப் போனது. அந்த நிறுவனம் தான் சேகரித்த விபரங்களை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்று வந்தது. இராணுவத்துக்குத் தாம் எதையும் விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. ஆனாலும் அவ்வாறான தரவுப் பங்காளிகளுடனான உறவை நிறுத்துவதாக அறிவித்தது. வியாபாரிகள் இதில் கவனிக்க வேண்டியது, தகவல் வெளியே போகும் விதம். செயலி செய்பவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. விளம்பரத்துக்கு ஒருவருடைய துண்டு நிரல், கணக்கெடுப்புக்கு இன்னொருவருடைய துண்டு நிரல் என்று உள்ளே வைப்பார். சிலர் அப்படி வைப்பதற்குப் பணமும் தருவார்கள். அந்தத் துண்டு என்ன செய்கிறது என்று பார்க்காமல் வைப்பது, பார்சலைத் திறந்து பார்க்காமல் லொறியில் ஏற்றுவது போன்றது. பெயர் கெடுவது லொறிக்காரருக்குத்தான். அதேபோல், எந்த விளம்பரம் வரவேண்டும் என்பதிலும் செயலி செய்பவருக்கு ஓரளவு பிடி உண்டு. சூதாட்டம் போன்ற வகைகளைத் தடுத்து வைக்க கூகுளின் விளம்பரச் சேவையில் வசதி இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, "கூகுள்தான் போட்டது" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மகனுக்கு லெப்டொப் வாங்கிக் கொடுக்கப் போகிறவர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கூகுள் கடையில் கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டொலர். அப்பிளில் ஆண்டுதோறும் 99 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் 29,700 ரூபா. செயலி ஒன்றை 300 ரூபாவுக்கு விற்றால், சிறியவர்களுக்கான 15 சதவீதத் தரகு போக 255 ரூபா கைக்கு வரும். 2021க்கு முன்னர் இந்தத் தரகு 30 சதவீதமாக இருந்தது. 117 பேர் வாங்கினால்தான் அப்பிளின் ஆண்டுக் கட்டணமே தேறும். மகனுடைய சம்பளம், மின்சாரம், இணையக் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். இலங்கையில் 300 ரூபா கொடுத்துச் செயலி வாங்குபவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் கையிலுள்ள போனைப் பார்த்தே முடிவு செய்து கொள்ளலாம்.

கூகுளில் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர், வெளியிடுவதற்கு முன் ஒரு தொகை ஆட்களைக் கொண்டு தொடர்ந்து 14 நாட்கள் செயலியைப் பரீட்சித்துக் காட்ட வேண்டும். முதலில் 20 பேர் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 பேராகக் குறைத்தார்கள். எமது குடும்பங்களில் 12 பேரைச் சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் 12 பேரும் முகத்துக்கு நேரே குறையைச் சொல்வார்களா என்பதுதான் கேள்வி.

செய்து முடித்த செயலியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32-பிட் முறையில் எழுதப்பட்ட செயலிகள் அனைத்தும் ஒரேயடியாக ஐபோனில் வேலை செய்யாமல் போயின. கூகுளும் ஆண்டுதோறும் புதிய நிபந்தனை போடுகிறது. அதற்கேற்பத் திருத்தாத பழைய செயலி, புதிய போன் வாங்கியவரின் கண்ணில் படாது. தோணிக்கு வருடா வருடம் பழுது பார்க்கும் செலவை எப்படி ஒதுக்கி வைக்கிறோமோ, அப்படி இதற்கும் ஒதுக்க வேண்டும்.

கடைக்கு அப் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மேலே சொன்ன தரகு செயலிக்கும் செயலிக்குள் விற்கும் விளையாட்டு, சந்தா போன்றவற்றுக்கும்தான். கருவாடு, உப்பு, துணி என்று கையில் தொட்டு வாங்கும் பொருளைச் செயலி வழியாக விற்றால் அப்பிளும் கூகுளும் அதில் பங்கு கேட்பதில்லை.

ஆனால் இங்கேதான் பெரிய ஓட்டை ஒன்றும் இருக்கிறது. கற்பிட்டியில் கருவாட்டு மொத்த வியாபாரி ஒருவர் பணம் கொடுத்துச் செயலி செய்விக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். செய்தவர் அதைத் தனது சொந்தக் கணக்கிலேயே கடையில் ஏற்றிவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டால், அல்லது வேறொரு செயலிக்காக அவரது கணக்கை கூகுள் மூடிவிட்டால், கருவாட்டுக்காரரின் செயலியும் அதோடு போய்விடும். வாடிக்கையாளர் பட்டியல் அவருடைய கணினியில் இருந்தால் அதுவும் போய்விடும். ஆகவே கணக்கு வியாபாரியின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் வியாபாரியிடம் இருக்க வேண்டும். எழுதிய நிரல் முழுவதும் இறுதித் தவணைக் காசு கொடுக்கும்போது கைக்கு வர வேண்டும். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் செயலிக்கு வெளியேயும் ஒரு பிரதியாக இருக்க வேண்டும். இவற்றை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிரந்தர வாடிக்கையாளர் மட்டும் உள்ளவருக்கு ஒரு வட்ஸ்அப் குழுவே போதும் என்பது எனது அபிப்பிராயம். அதைச் சொன்னால் அப் செய்பவர்கள் கோபிப்பார்கள்.

கடை மேசையில் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் டெப் வைப்பது வேறு விடயம், அது பயன் தருகிறது. 2010இல் ஐபேட் வந்த பிறகுதான் இப்பழக்கம் பரவியது. போனுக்குச் செய்த செயலியை அப்படியே பெரிய திரையில் இழுத்துக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் பொத்தான்கள் எல்லாம் தூரத்தில் போய் நிற்கும், அவசரத்தில் பில் போட முடியாது. வாங்குவதற்கு முன் உங்கள் காசாளரையே பத்து பில் போடச் சொல்லிப் பாருங்கள். அத்தோடு, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டும் ஒரு முறை போடச் சொல்லுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. டெப்பின் பெட்டரி சில மணித்தியாலம் தாங்கும். ஆனால் கடையின் ரவுட்டர் மின்சாரத்தோடு சேர்ந்து நின்றுவிடும். அந்த நேரத்தில் பில்லைத் தனக்குள் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்புகின்ற செயலியா, வெறும் வெள்ளைத் திரையைக் காட்டுகின்ற செயலியா என்பது இந்தப் பரீட்சையில் தெரிந்துவிடும்.