துயரறிந்த கைகள்

நுழையும்முன்

அறுவை மருத்துவர் தம் பணியை முடித்துக் கைகழுவிய பின்னரே நோயாளியின் நீண்ட நாள்கள் தொடங்குகின்றன. அந்நாள்களில் துணைநிற்பதற்கென்றே ஒரு தனிக்கல்வி உண்டு. அக்கல்வியை உலகுக்குத் தந்த முதல் ஆசிரியர் மருத்துவரும் அல்லர்; செவிலியரும் அல்லர்.

பெருங்குடற் புற்றுநோயாலோ, குடல் அழற்சியாலோ, விபத்தாலோ குடலின் ஒரு பகுதி பழுதுறும்போது மருத்துவர்கள் அப்பகுதியை நீக்குவர். எஞ்சிய குடலின் முனையை வயிற்றுச் சுவரின் வழியே வெளியே கொணர்ந்து தைப்பதும் உண்டு. இவ்வாயிலை 'ஸ்டோமா' என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு 'வாய்' என்பது பொருள். சிலருக்கு இது சில மாதங்களுக்கு மட்டும். சிலருக்கோ வாழ்நாள் முழுமைக்கும். செந்நிறமும் ஈரமும் உடைய அவ்வாயில் தொட்டால் வலிப்பதில்லை. எனினும், கழிவை அடக்கிவைக்கும் தசை அதற்கு இல்லை. ஆதலால், வயிற்றின்மீது ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

உயிர் பிழைத்தும் பலர் வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சினர். டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சென் என்னும் செவிலியரின் தங்கைக்கு 1954ஆம் ஆண்டு இவ்வறுவை நடந்தது. கசிவுக்கு அஞ்சி அவர் வீட்டிலேயே முடங்கினார். தங்கையின் துயர் பொறாத எலிசே, உடலில் ஒட்டிக்கொள்ளவும் பயன்படுத்தியபின் எறிந்துவிடவும் தக்க பையொன்றை வடிவமைத்தார். நெகிழி உற்பத்தியாளர் ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றபோது அவர் முதலில் மறுத்தார். அவருடைய மனைவியும் ஒரு செவிலியர். அவர் எடுத்துரைத்த பின்னரே பை உருவாயிற்று.

பை கிடைத்தது, அதைப் பயன்படுத்தக் கற்றுத்தருவார் யார்? அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த நார்மா கில் என்பவர் நெடுநாள் குடல் அழற்சியால் வருந்தி, கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் அறுவை மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர். நலமடைந்தபின் தம்மைப் போன்றோரை நாடிச் சென்று, தாம் பட்டறிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். இதனையறிந்த டர்ன்புல், 1958இல் அவரைத் தம் மருத்துவமனைப் பணிக்கு அழைத்தார். 1961இல் இருவரும் இணைந்து இத்துறைக்கென முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினர். தொடக்கத்தில் அங்குப் பயின்றோருள் பலர் தாமே இவ்வறுவைக்கு உள்ளானவர்கள். பின்னாளில்தான் இது செவிலியருக்குரிய சிறப்புப் பயிற்சியாக வளர்ந்தது. நோயுற்றவரின் பட்டறிவைக் கல்வியாக ஏற்ற அம்மருத்துவரின் பணிவும் நம் மதிப்பிற்குரியதே.

இப்பயிற்சியின் நுட்பம் அறுவைக்கு முன்பே தொடங்குகிறது. வாயில் அமையவேண்டிய இடத்தைச் செவிலியர் மையால் குறிக்கிறார். நோயாளியைப் படுக்கச் செய்தும், அமரச் செய்தும், குனியச் செய்தும், நிற்கச் செய்தும் பார்க்கிறார். தோல்மடிப்பு, பழைய தழும்பு, எலும்புமுனை ஆகியவற்றைத் தவிர்க்கிறார். வேட்டியோ சேலையோ இறுக்கிக் கட்டும் இடமும் ஆகாது. நோயாளி தம் கண்ணால் காண இயலாத இடத்தில் அமைந்துவிட்டால், பை மாற்றுவதற்கு அவர் என்றும் பிறரை நம்பியிருக்க நேரும். ஒரு மைப்புள்ளியில் ஒருவரின் தன்மதிப்பு அடங்கியிருக்கிறது!

அறுவைக்குப்பின் தோலைக் காப்பதே பெரும்பணி. சிறுகுடலிலிருந்து வரும் நீர்மத்தில் செரிமான நொதிகள் உள்ளன. அவை தோலையும் அரித்துவிடும். எனவே, பையின் துளையை வாயிலின் அளவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக வெட்டவேண்டும். முதல் சில வாரங்களில் வீக்கம் வடிந்து வாயில் சுருங்கும். ஆதலின், மீண்டும் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்தவுடன் பையைக் காலி செய்தல் நன்று. பாரம் கூடினால் ஒட்டு விட்டுவிடும். வாயிலின் செந்நிறம் கருமையாக மாறினால், குருதியோட்டம் குறைந்திருக்கக்கூடும் என்றறிந்து உடனே மருத்துவரை அழைக்கவேண்டும்.

தோலைப் படிக்கக் கற்ற இச்செவிலியரிடமே புண் பராமரிப்பும் சேர்ந்தது. புண்ணைக் காற்றாட உலரவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் ஆராய்ந்து, மூடி ஈரப்பதம் காக்கப்பட்ட காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதைக் கண்டார். ஈரம் மிகுந்தாலும் தீங்கே. அந்த அளவறிதல்தான் பயிற்சி. புண்ணின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றைக் குறித்து, சிவப்பா, மஞ்சளா, கறுப்பா என்று திசுவின் நிறம் காண்பர். படுத்தபடுக்கையாய்க் கிடப்பவரின் குதிகாலிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோன்றும் சிவப்பை விரலால் அழுத்திப் பார்ப்பர். விரலை எடுத்தபின்னும் அங்கே வெளுப்புத் தோன்றாமல் சிவப்பே நிலைத்தால், படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நோயாளி வீடு திரும்புமுன் ஒரு தேர்வு உண்டு. பழைய பையை அகற்றி, தோலைத் துடைத்து உலர்த்தி, அளந்து வெட்டி, புதியதை அவரே ஒட்டவேண்டும். முதன்முறை பலருக்குக் கை நடுங்கும். சிலர் குனிந்து பார்க்கவே மறுப்பர். அருகில் நிற்கும் செவிலியர் முகஞ்சுளிக்காமலும், பொறுமையிழந்து தாமே செய்துவிடாமலும், கைகட்டிக் காத்திருக்கிறார்.