சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் கட்டி வருமா?

நம்ம பக்கம் சர்க்கரை இல்லாத வீடே இல்லை (நான் சொல்வது ரேஷன் சர்க்கரை இல்லை!). அதற்குப் போடும் மாத்திரையைப் பற்றி எங்கள் தெருக் குழாயடியில் ஒரு பேச்சு ஓடுகிறது. "சர்க்கரை மாத்திரை தின்னா மூளையில கட்டி வரும்." இதைக் கேட்ட அன்றைக்கே எங்கள் ஆயா மாத்திரையை நிறுத்திடுச்சு.

ஆயா காசிமேட்டில் மீன் வாங்கி, வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறி, அத்திப்பட்டு வந்து கூடையில் விற்கிறது. காலில் மீன் முள் ஏறினால்கூட அதுக்குத் தெரியாது. சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால் கால் நரம்பு மரத்துப் போகும், புண் ஆறாது. அதனால்தான் இந்தப் பேச்சு உண்மையா என்று தேடிப் படித்தேன்.

முதலில் ஒன்று. சர்க்கரை மாத்திரை என்பது ஒரே மாத்திரை இல்லை. "மக்களைத் தேடி மருத்துவம்" அக்கா ஆயாவுக்குக் கொண்டுவந்து கொடுப்பது மெட்ஃபார்மின். கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையை அது குறைக்கும். புற்றுநோய்ப் பேச்சில் பெரிதாக அடிபட்டது பியோகிளிட்டசோன் என்ற வேறு மாத்திரை. உடம்பில் இன்சுலின் இருந்தும் செல்கள் அதன் பேச்சைக் கேட்காது இல்லையா, அவற்றைக் கேட்க வைப்பது இதன் வேலை. இதில் சந்தேகம் வந்தது மூளைக்கு இல்லை, சிறுநீர்ப்பைக்கு!

2011இல் பிரான்ஸ் நாடு இதை நிறுத்தியது. அமெரிக்கா நிறுத்தவில்லை, எச்சரிக்கை மட்டும் கொடுத்தது. நம்ம சென்னையிலேயே சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன், இதைச் சாப்பிட்ட சிலருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததை எடுத்துச் சொன்னார். 2013 ஜூன் 18இல் மத்திய அரசு தடை போட்டது. விலை குறைந்த மாத்திரை போயிற்றே என்று மருத்துவர்கள் பலர் எதிர்த்தார்கள். ஜூலை 31இல், அதாவது 43 நாளில், தடை நீங்கியது. ஆனால் பெட்டி கட்டிய எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும் என்றார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இருப்பவருக்கும் முன்பு வந்தவருக்கும் கொடுக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம் போனால் ஏன் என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

ஆபத்து எவ்வளவு? 2011இல் அமெரிக்கா சொன்ன கணக்குப்படி, ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டவர்களில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 27 அல்லது 28 பேருக்குக் கூடுதலாக வரலாம். லட்சம் என்றால் எனக்கும் முதலில் பிடிபடவில்லை. காலை வணக்கத்துக்கு 400 பேர் நிற்கிற பள்ளிக்கூடங்கள் 250 சேர்ந்தால் ஒரு லட்சம். அத்தனை பேரில் 28 பேர். குறைவுதான், ஆனால் அந்த 28இல் ஒருவர் நம் வீட்டு ஆள் என்றால் குறைவு என்று சொல்வோமா? பிறகு 2015இல் 1,93,099 பேரைப் பார்த்த அமெரிக்க ஆய்வு, ஆபத்து கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை என்றது. அடுத்த வருஷமே பிரிட்டன் ஆய்வு, கூடுகிறது என்றது! விஞ்ஞானிகளும் நம்ம வகுப்பு மாதிரிதான், ஒரே விடையை எல்லாரும் எழுதுவதில்லை.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் எது தெரியுமா? பீடி, சிகரெட். புகையில் உள்ள விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வந்து தேங்குகிறது. சாயத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்த நோய் வருவதை 1895இலேயே லுட்விக் ரென் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார். மாத்திரையைக் குறை சொன்ன குழாயடியில் பீடியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

மெட்ஃபார்மினிலும் ஒரு பிரச்சினை வந்தது உண்டு. 2019 டிசம்பரில் சிங்கப்பூரில் 46 வகைகளைச் சோதித்து, 3 வகைகளைத் திரும்பப் பெற்றார்கள். என்.டி.எம்.ஏ. என்ற அழுக்கு அளவுக்கு மேல் இருந்ததாம். மருந்தில் குற்றமில்லை, தயாரிப்பில் கலந்த அழுக்கு. அப்போதும் அங்கே நோயாளிகளிடம், மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

மூளைக் கட்டி விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுநோய்க்கு மெட்ஃபார்மின் உதவுமா என்று நோயாளிகளுக்கே கொடுத்துப் பரிசோதனை செய்திருக்கிறார்கள்! குணமாகும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை. ஆனால் கட்டி வரவழைக்கும் என்று குழாயடி சொன்ன மாத்திரையைத்தான் கட்டிக்கு எதிராகப் பார்க்கிறார்கள்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "நீ படிச்சவ சொல்ற, நர்ஸம்மா வந்து சொல்லட்டும்" என்றது. செவிலியர் அக்கா வந்து அட்டையைத் திருப்பிப் பெயரைக் காட்டினார். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையும் உண்டு, பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி