மாண்டலின் நம் இசைக்கருவியானது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என நான்காகப் பகுத்தனர். தோல் பதனிடும் ஊர்களில் வாழும் நமக்குத் தோற்கருவிகளைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே, கடல் கடந்து வந்த நரம்புக்கருவியான மாண்டலினைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் பயணமும்

மாண்டலினின் தாயகம் இத்தாலி. நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின் பானை போன்ற வயிறுடையது. அதன் எட்டுத் தந்திகளும் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய் அமைந்தவை. இத்தாலியர் குடியேறியபோது இக்கருவி அமெரிக்காவிலும் பரவியது. அங்கு ஆர்வில் கிப்சன் என்பவர் மரத்தைச் செதுக்கி அதற்குப் புது வடிவம் தந்தார். பின்னர் கென்டக்கியில் பிறந்த பில் மன்றோ (1911–1996) அதைக் கொண்டு ‘புளூகிராஸ்’ என்னும் நாட்டுப்புற இசைவகையையே உருவாக்கினார். அண்ணன்மார் வயலினையும் கிதாரையும் எடுத்துக்கொண்டதால் கடைக்குட்டியான அவருக்கு மாண்டலினே கிடைத்ததாம்!

கமகம் என்னும் சோதனை

மாண்டலினில் எழும் ஒலி விரைவில் மறைந்துவிடும். மேனாட்டார் மீட்டியை மேலும் கீழும் விரைந்து அசைத்து இக்குறையைப் போக்குவர். ஆனால் கருநாடக இசைக்குக் கமகமே உயிர். ஒரு சுரம் அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட வேண்டும். தோடியின் காந்தாரத்தை அசைவின்றி வாசித்தால் அது தோடியாக இராது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தருவர். மாண்டலினிலோ மெட்டுகள் நெருக்கமானவை. இணைத் தந்திகளை இழுப்பதும் கடினம். ‘இதில் கருநாடக இசையா?’ என்று பலர் ஐயுற்றதில் வியப்பில்லை.

சீனிவாசின் சாதனை

அந்த ஐயத்தைப் போக்கியவர் உ. சீனிவாஸ். இவர் 1969-ஆம் ஆண்டு ஆந்திராவிலுள்ள பாலகொல்லு என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டு அப்படியே வாசிப்பான். இதனால் அவன் விரல்கள் மனிதக் குரலைப் பின்பற்றக் கற்றன.

சீனிவாஸ் இணைத் தந்திகளை நீக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். தந்தியை எளிதாக இழுக்க முடிந்தது, ஒலியும் நீடித்தது. 1981-இல் பன்னிரண்டு வயதில் சென்னையில் கச்சேரி செய்து இரசிகர்களை வியப்பில் ஆழ்த்தினார். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவிலும் வாசித்தார். 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2014 செப்டம்பர் 19-ஆம் நாள் தமது 45-ஆம் வயதில் காலமானார்.

முடிவுரை

வயலினும் ஒரு காலத்தில் அயல்நாட்டுக் கருவியே. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) அதைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. நம் ஆலயத்திலும் வயலின், கிதார் இசைக்கத் தமிழ்ப் பாடல்களைப் பாடுகிறோம். அவ்வொலி நமக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

எனவே தோழியரே, ஒரு கருவி எந்நாட்டில் பிறந்தது என்பதைக் கொண்டு அதன் உரிமையை முடிவு செய்தல் ஆகாது. சீனிவாஸ் மாண்டலினுக்காக இராகத்தைக் குறைக்கவில்லை. இராகத்துக்காக மாண்டலினை மாற்றினார். அதனாலேயே அது நம்முடையதாயிற்று. அயலிலிருந்து எதைக் கற்றாலும் நாமும் அவ்வாறே கற்போமாக!