மீனில் புழுவா? எந்தப் புழு என்று முதலில் பாருங்கள்!



மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து குஞ்சு வாங்கி சிமெண்ட் தொட்டியில் வளர்ப்பது நம் பெண்களுக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் குழுக்கடனில் தொட்டி கட்டியபின் மீன் செத்து மிதந்தால், தவணை நமக்காகக் காத்திருக்காது. மீன் சாவதற்குப் பல காரணம் உண்டு. அதில் ஒன்றான தட்டைப்புழுவைப் பற்றி இந்த மாதம் படிப்போம்.

மூன்று கூட்டம்

மீனைப் பிடிக்கும் தட்டைப்புழுக்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஒட்டுப்புழு: மீனின் தோலிலும் செவுளிலும் கொக்கி போட்டு ஒட்டிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க மீன் ஒன்றே போதும். அதனால் தொட்டியில் வேகமாகப் பெருகும்.
2. இலைப்புழு: நத்தை, மீன், மீன் தின்னும் பறவை என்று வீடு மாறி வாழும். நத்தையை எடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.
3. நாடாப்புழு: மீனின் குடலில் இருக்கும்.

தொட்டியில் நமக்கு அதிகம் தொல்லை தருவது ஒட்டுப்புழுதான்.

முட்டை போடுவதும் குட்டி போடுவதும்

ஒட்டுப்புழுவிலும் இரண்டு வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'டாக்டைலோகைரஸ்' என்ற செவுள் புழு முட்டை போடும். உருப்பெருக்கியில் பார்த்தால் தலைப்பக்கம் 4 கண்புள்ளி தெரியும். 'கைரோடாக்டைலஸ்' பெரும்பாலும் தோலிலும் துடுப்பிலும் இருக்கும். இதற்குக் கண்புள்ளி கிடையாது, குட்டி போடும். தாய் வயிற்றில் குட்டி, அந்தக் குட்டி வயிற்றில் இன்னொரு குட்டி என்று இருக்கும்! கோல்டு ஃபிஷ்ஷில் இரண்டும் வரும். கப்பியில் தோல் புழு அதிகம்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. நம்ம ஊர் வெயிலுக்குச் சில நாளிலேயே முட்டை பொரிந்துவிடும். "மருந்து போட்டேன், மறுபடி வந்துடுச்சு" என்று சொல்வது இதனால்தான். செவுள் புழுவுக்கு இடைவெளி விட்டு மறுபடியும் மருந்து போட வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி

ஜிலேபி மீனின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் செவுளில் 'சிக்லிடோகைரஸ்' என்ற புழு வாழ்கிறது. ஆப்பிரிக்க ஏரி, ஆறுகளில் இதில் நூறுக்கும் மேற்பட்ட இனங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். டாக்டைலோகைரஸுக்குப் பெரிய கொக்கி ஒரு ஜோடி, இதற்கு இரண்டு ஜோடி. கொக்கியின் அளவு, வடிவத்தையும் பார்த்து விஞ்ஞானிகள் இனம் பிரிக்கிறார்கள். இந்தியாவில் வளரும் ஜிலேபியிலும் இந்தப் புழு இருக்கிறது. மீனை இடம் மாற்றினால் புழுவும் கூடவே பயணம் செய்யும் என்பதற்கு இதுவே சாட்சி.

நாம் கவனிக்க வேண்டியவை

• மீன் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்ப்பது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவது, உடம்பில் வழவழப்பு கூடுவது, செவுள் வெளுப்பது: இவை அறிகுறிகள். தண்ணீர் கெட்டாலும் இப்படி ஆகும். எனவே முதலில் தண்ணீரைப் பாருங்கள்.
• புது மீனைக் குறைந்தது 2 வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். வலை, வாளியும் தனியாக இருக்கட்டும்.
• 1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கல்லுப்பு கரைத்து, 10 நிமிடத்துக்கு மேல் போகாமல் மீனை விட்டு எடுக்கலாம். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். தோல் புழு குறையும், செவுள் புழுவுக்கு இது மட்டும் போதாது.
• கடையில் கொடுத்த மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். நோய் கண்ட மீனை உயிரோடு, அதே தண்ணீரில் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலரிடமோ, பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலோ காட்டிக் கேளுங்கள்.

ஒட்டுப்புழு மனிதருக்கு வராது. நன்றாக வேகவைத்த மீனைப் பயமின்றிச் சாப்பிடலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் உறுப்பினர்களில் எத்தனை பேரிடம் புது மீனுக்குத் தனித் தொட்டி இருக்கிறது?
2. மீன் வளர்ப்போர் எல்லோரும் சேர்ந்து ஓர் உருப்பெருக்கி வாங்கினால் என்ன?