வாய்ச்சண்டை வாயோடு நிற்கட்டும்

மதுரை நகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சில்லறை, படிக்கட்டுப் பயணம், ராத்திரி கடைசி நடையில் ஏறும் குடிகாரர்கள் என்று ஏதாவது ஒன்றால் சண்டை வராத வாரம் இருக்காது. முன்பின் தெரியாத ஆள் எகிறிக்கொண்டு வரும்போது எப்படி நடந்துகொள்வது என்று அந்த வேலைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் முதல் பாடம்: அவர்மேல் கை வைக்காதீர்கள், சமாதானப்படுத்துவதற்காகக்கூட.

கெட்ட வார்த்தை எவ்வளவு வந்தாலும் சண்டை வாயோடு முடிய வழி உண்டு. தோளைப் பிடித்துவிட்டால், "மேல ஏன்யா கை வச்ச?" என்று பேச்சு மாறிவிடும். அதுவரை இரண்டு ரூபாய்ப் பிரச்சினை. அதன்பின் மானப் பிரச்சினை. சில்லறை போனால் போகட்டும் என்று ஒருவர் இறங்கிப் போகலாம். ஆனால் பஸ்ஸே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் சட்டையைப் பிடித்தவனை விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது.

உடம்பும் அந்த நேரத்தில் சொன்னபடி கேட்காது. கோபத்தில் அட்ரினலின் சுரந்து, நெஞ்சு படபடத்து, தசைகள் முறுக்கேறி நிற்கும். நாம் தட்டிக்கொடுப்பது அவருக்குத் தள்ளுவதாகவே படும். பின்னாலிருந்து தொட்டால், யார் என்று பார்க்கும் முன்பே கை வீசிவிடுவார்.

ஒருநாள் போதையில் ஏறிய ஒருவர், டிக்கெட் கேட்டதும் என்னைத் திட்ட ஆரம்பித்தார். இரண்டு எட்டு தள்ளி நின்று, "அண்ணே, எங்க இறங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். திட்டு மெல்ல முணுமுணுப்பாக அடங்கிக்கொண்டிருந்தது. அப்போது இளைஞர் ஒருவர், எனக்கு உதவுவதாக நினைத்து, "இறங்குய்யா கீழ" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி இளைஞரின் மூக்கில் ரத்தம். ஓட்டுநர் வண்டியை நேராகக் காவல் நிலையத்துக்கு விட்டார். அங்கே வந்த முதல் கேள்வி: "யாரு முதல்ல கை வச்சது?" நல்ல எண்ணத்தோடு வந்த பிள்ளை பதில் சொல்ல முடியாமல் நின்றது.

சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 129ஆவது பிரிவு, தெருவில் ஒருவரை வேண்டுமென்றே இடித்துத் தள்ளுவதையும் குற்றமுறு வன்முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. காயம் பட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

நான் கடைப்பிடித்து, பலன் கண்டவை இவை:

• இரண்டு கை நீளத்துக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள். நேருக்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள்.

• கைகள் அவர் கண்ணில் படும்படி, விரித்த நிலையில் இருக்கட்டும். விரலை நீட்டிப் பேசாதீர்கள்.

• அவர் பொருளையும் தொடாதீர்கள். செல்போனைத் தட்டிவிடுவதும் வண்டிச் சாவியைப் பிடுங்குவதும் அவர் உடம்பைத் தொடுவதற்குச் சமம்.

• அவர் வெளியேறும் வழியை மறிக்காதீர்கள். படிக்கட்டை அடைத்து நின்றால், போக நினைத்தவரும் போக மாட்டார்.

• விலக்கிவிடப் போனால் ஒருவரை மட்டும் கட்டிப்பிடிக்காதீர்கள். அவர் கை கட்டுண்டிருக்கும்போது மற்றவர் அடித்துவிடுவார். நமக்குத் தெரிந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அப்பால் அழைத்துப் போங்கள்.

• நிலைமை முற்றும் முன்பே 112 அல்லது 100க்கு அழையுங்கள்.

அவரே நம்மேல் கை வைத்தால்? பிடியை விடுவித்துக்கொண்டு ஆட்கள் இருக்கும் பக்கம் விலகுங்கள். விலக வழியே இல்லையென்றால் தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறது, தப்பிக்கத் தேவையான அளவுக்கு மட்டும். அவர் கீழே விழுந்தபின் ஓங்கும் கை தற்காப்பில் சேராது.

விலகி வந்தவனைக் கோழை என்று நாலு பேர் சொல்லலாம். சொல்லட்டும். நாம் முழுசாக வீடு வந்து சேர்வதுதான் நம் வீட்டாருக்கு வேண்டியது. எதிரில் கத்துகிறவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.