கடைச் சாவி யார் கையில்?
உயிலும் புரோபேட்டும்: வணிகர் அறிய வேண்டியவை



கொள்முதலுக்கும் வரிக்கும் நாம் ஒழுங்காகக் கணக்கு வைக்கிறோம். நமக்குப் பின் கடை யாருக்கு, வீடு யாருக்கு, வெளியே நிற்கும் பாக்கியை வசூலிப்பது யார் என்பதை மட்டும் எழுதி வைப்பதில்லை. "நம் பிள்ளைகள் சண்டை போடமாட்டார்கள்" என்ற நம்பிக்கையே காரணம். சண்டையே இல்லாத குடும்பமும் காகிதம் இல்லாவிட்டால் கோர்ட் வாசல் ஏற வேண்டி வரும். நிலபுலன் ஒரு வருடம் காத்திருக்கும். மளிகைக் கடை காத்திருக்காது. பருப்பில் வண்டு விழும். வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும். மண்டிக்காரர் கடனுக்குச் சரக்குத் தரத் தயங்குவார்.

புரோபேட் என்றால் என்ன?

உயில் எழுதியவர் காலமான பின், "இது அவருடைய கடைசி உயில்தான்" என்று கோர்ட் விசாரித்து, முத்திரையிட்டுத் தரும் உறுதிச் சான்றே புரோபேட். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவின்படி, இந்துக்கள் சென்னை மாநகரில் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு, மனை பற்றிய உயிலுக்கும் இது கட்டாயமாக இருந்தது. சென்னைச் சொத்து சேராமல் மதுரையிலோ கோவையிலோ எழுதிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

கட்டாயம் போயிற்றே தவிர, தகராறு போகவில்லை. "இது அப்பாவின் கையெழுத்தே இல்லை" என்று ஒரு வாரிசு சொன்னால் வழக்கு வரத்தான் செய்யும். எனவே கோர்ட்டுக்கே வேலை வைக்காதபடி காகிதங்களைச் சரி செய்வதுதான் நம் பொறுப்பு.

எதுவும் எழுதாவிட்டால்?

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சுய சம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோருக்குச் சமமாகப் போகும்.

ஒரு கடைக்காரருக்கு மனைவி, தாயார், 2 மகன்கள், 1 மகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 பங்கு. கடையில் 15 வருடம் உழைத்த மூத்த மகனுக்கும் ஐந்தில் ஒன்றுதான். பின்னர் தாயாரும் உயில் எழுதாமல் காலமானால், அவருடைய பங்கு அவரது மற்றப் பிள்ளைகளுக்கும் பிரியும். அதாவது சித்தப்பாவும் அத்தையும் கடைக் கட்டடத்தில் பங்குதாரர் ஆகிவிடுவார்கள். யாரும் கெட்டவர் அல்லர். ஆனால் கட்டடத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்று காட்டும். எந்தச் சொத்து யாருக்கு என்று தீர்க்காது. மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இறந்தவருக்கு வரவேண்டிய பாக்கியைத் தர மறுப்பவர்மேல் வாரிசுகள் டிகிரி வாங்க, கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றோ புரோபேட்டோ காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. உயில்: முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். பின்னாளில் கோர்ட்டில் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வயதில் இளையவர்களாகவும், சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் பார்த்து வையுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது நல்லது. உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரின் பெயரைக் குறிப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தையும் எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். முஸ்லிம் வணிகர்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரம்பு உண்டு. தனி ஆலோசனை பெறுவது அவசியம்.

2. செட்டில்மென்ட்: வாழும்போதே பதிவு செய்து கொடுப்பதால் உயில் பற்றிய கேள்வியே எழாது. ஆனால் எழுதிக் கொடுத்தபின் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை உங்களுக்கும் மனைவிக்கும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். அப்போதுதான் பிள்ளை கைவிட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் துணைக்கு வரும்.

3. நியமனம்: தனி உரிமையாளர் கடையின் பெயரிலுள்ள பாங்க் டெபாசிட் கணக்குக்கும் நாமினி போடலாம். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். பாங்க் பணத்தை நாமினியிடம் தரும்; அதனால் அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அது வாரிசுகளுக்கோ, உயிலில் கண்டவருக்கோ சேர வேண்டிய பணம். ஆகவே நாமினியும் உயிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கூட்டு வியாபாரம்: 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்தால் கூட்டு நிறுவனம் கலைந்துவிடும். நிறுவனம் தொடரும் என்றும், இறந்தவர் பங்கை எப்படி மதிப்பிட்டு எத்தனை தவணையில் கொடுப்பது என்றும் பத்திரத்தில் எழுதுங்கள். இருவர் மட்டுமே உள்ள கூட்டில் இந்த வாசகமும் காப்பாற்றாது. மூன்றாவது ஒருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

5. தனிக்கடை: ஜிஎஸ்டி பதிவு உரிமையாளரோடு முடிந்துவிடும். தொடர்ந்து நடத்தும் வாரிசு தம் பெயரில் புதிதாகப் பதிவு பெற வேண்டும். சரக்கின்மேல் மீதமுள்ள வரி வரவை மாற்றிக்கொள்ள வழி உண்டு. கடையை நடத்தப்போவது யார் என்று உயிலில் இருந்தால் இந்த வேலை தடையின்றி நடக்கும்.

6. ஒரு நோட்டு: பத்திரங்கள், பாங்க் கணக்குகள், லாக்கர், இன்சூரன்ஸ், சீட்டு, வரவேண்டியது, தரவேண்டியது அனைத்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அது இருக்கும் இடத்தை மனைவியிடமும் ஒரு பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். கல்லாப்பெட்டி மட்டும் தெரிந்து கணக்கு தெரியாத குடும்பம், தரவேண்டியவர்களை மட்டும்தான் முதலில் சந்திக்கும்.

வருடந்தோறும் புதுக்கணக்குப் போடும் நாளில் இந்த நோட்டையும் உயிலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திருமணம், பிறப்பு, இறப்பு, புதுச் சொத்து எது நேர்ந்திருந்தாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதிய உயிலே செல்லும். பத்திர நகல்களையும் குடும்ப விவரத்தையும் எடுத்துக்கொண்டு நம்பகமான வக்கீலிடம் ஒருமுறை போய்வாருங்கள். நீங்கள் இருக்கும்போது அது ஓரிரு நாள் வேலை.